இல்ஸபைனுக்கு அடிக்காத மணி

ஜூன் 4, 2019

காலை ஏழுக்கு மணி அடித்தது. உருளைக்கிழங்கு தோல் சீவியபடியே எண்ணினேன். எண்பத்தெட்டு. அப்படியானால் ஆர்வில் காப்பல்மன்தான். எங்கள் சபையில் யார் இறந்தாலும் மறுநாள் காலையில் வயதுக்கு ஒன்றாக மணி அடிப்போம். கயிறு என் அண்ணன் எல்ராய் கையில். ஒன்று கூடவும் மாட்டான், குறையவும் மாட்டான். அந்த ஒரு விஷயத்தில் அவனை நம்பலாம்.

ஜூலை 14 குடும்பக்கூடல். அன்றைக்கு அவன் எழுதிய எங்கள் டாமையர் குடும்ப வரலாற்றுப் புத்தகம் வெளிவருகிறது. அச்சுக்குப் போகுமுன் ஏழாம் பக்கத்தைக் காட்டினான். 'எள்ளுத்தாத்தா டீட்ரிக் 1873-இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்தார். மனைவி இல்ஸபைன் கப்பலில் இறந்தார். பிறகு மின்னாவை மணந்தார்.' அந்தக் கப்பல் சாவுக்கு ஆதாரம் தேடி மூன்று வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். "இன்னுமா தேடுற லவோன்?" என்று சிரித்தான். என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே.

ஜூன் 11

அந்தக் கப்பலின் பயணிகள் பட்டியல் நகல் வந்தது. இல்ஸபைன், வயது 25. பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. அடுத்த வரியில் எட்டு மாதக் குழந்தை — அதன் மேல்தான் இறந்ததற்கான கோடு. கடலில் போனது குழந்தை. அவள் பால்டிமோர் துறைமுகத்தில் உயிரோடு இறங்கியிருக்கிறாள்.

அப்புறம் எங்கே போனாள்?

ஜூன் 19

பக்கத்துக் கவுண்டியில், அதாவது பக்கத்து மாவட்டத்தில், மூடிப்போன சர்ச்சின் பழைய ஏடுகள் எங்கள் சர்ச் அலமாரியில் இருக்கின்றன. டீட்ரிக் முதலில் குடியேறியது அந்த ஊரில்தான். எல்ராயிடம் சாவி கேட்டேன். "பூட்டு துருப்பிடிச்சிருக்கு, திறக்காது" என்றான். அவன் மனைவி டார்லீனிடம் கேட்டேன், கொடுத்துவிட்டாள். தொட்டவுடன் திறந்துகொண்டது.

சர்ச்சில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுப்பவர்கள் முந்தின நாளே போதகரிடம் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும், அவர் ஏட்டில் எழுதிக்கொள்வார். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். செத்தவள் யாரும் போய்ப் பெயர் கொடுக்க முடியாது. 1873 கிறிஸ்துமஸ் — இல்ஸபைன் டாமையர். 1874 ஈஸ்டர் — இல்ஸபைன். 1875-இல் நாலு தடவை. 1876 ஜனவரியோடு நிற்கிறது. ஓரத்தில் போதகரின் கையெழுத்து: 'கடலில் போட்ட பிள்ளையைக் கேட்டு ஓயாமல் அழுகிறாள் என்று கணவர் கவுண்டி ஏழை விடுதியில் விட்டார்.'

அடக்க ஏட்டை எடுத்தேன். 1902. 'இல்ஸபைன் டாமையர், ஏழை விடுதியிலிருந்து. வயது 54. மணி இல்லை.'

இருபத்தாறு வருஷம்! இந்த மனிதர் இந்த ஊருக்கு வந்து மனைவி செத்துவிட்டாள் என்று சொல்லி 1878-இல் மின்னாவைக் கட்டிக்கொண்டார். முப்பது மைல் தள்ளி அவள் உயிரோடு இருந்தாள். குழந்தையின் சாவை எடுத்துத் தாய்க்குப் போட்டுவிட்டார். பாவி. அவர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிச் சலவை அறையில் போட்டேன்.

ஜூன் 20

எல்லாவற்றையும் எல்ராயின் மேஜையில் பரப்பினேன். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அப்பா சொன்னாரு. நாப்பது வருஷம் இருக்கும். குடும்ப விஷயம், பையனுக்குத் தெரிஞ்சா போதும், பொண்ணுக்கு வேண்டாம்னாரு."

பையனுக்கு! அப்பாவைக் கடைசி நாலு வருஷம் குளிப்பாட்டியது யார்? சோறு ஊட்டியது யார்? இவனா?

"அப்ப மூணு வருஷமா நான் நாயா அலையறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தியா?"

"நீயே சலிச்சுப்போய் விட்டுடுவேன்னு நினைச்சேன். இதைப் போட்டா நாமெல்லாம் யாருன்னு யோசிச்சியா? மின்னா வயித்துலதானே நம்ம கொள்ளுத்தாத்தா பொறந்தாரு? முறையில்லாத கல்யாணம்னு ஊர் பேசும்."

"பேசட்டுமே! நாம உயிரோட இருக்கோம், பதில் சொல்லுவோம். அவ சார்பா யாருடா பேசுனா?"

அண்ணனை 'டா' போட்டது இதுதான் முதல் தடவை. டார்லீன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 21

தூங்கவில்லை.

ஜூலை 9

புத்தகம் வந்துவிட்டது. நூற்றிருபது பிரதி. பிரித்தவுடன் ஏழாம் பக்கம் போனேன். 'கப்பலில் இறந்தார்.' ஒரு எழுத்து மாறவில்லை. தொலைபேசியில் கத்தினேன். "கூடல்ல எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு படிப்பேன். அந்த ஏட்டையும் கொண்டு வருவேன்." அவன் போனை வைத்துவிட்டான்.

கோழை. அப்பாவுக்கு ஏற்ற பிள்ளை.

ஜூலை 11

நான் மட்டும் யோக்கியமா? எந்த மின்னாவால் எனக்கு இந்த உடம்பு வந்ததோ அவளையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவளிடமும் பொய்தானே சொல்லியிருப்பார்? அவளுக்குத் தெரிந்திருந்தால்? தெரியவில்லை. எந்த ஏட்டிலும் அது இருக்காது.

கோபம் மட்டும் குறையவில்லை.

ஜூலை 13

நாளைய கூடலுக்கு நாற்பது பவுண்டு உருளைக்கிழங்கை நறுக்கி வேகவைத்துக்கொண்டிருந்தேன். காலை ஏழுக்கு மணி அடிக்க ஆரம்பித்தது. யாரும் இறந்ததாகக் கேள்விப்படவில்லையே என்று எண்ண ஆரம்பித்தேன். முப்பதைத் தாண்டியது. நாற்பதைத் தாண்டியது. ஐம்பது வந்தபோது கத்தியைக் கீழே வைத்தேன்.

ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. ஐம்பத்து மூன்று.

நின்றுவிட்டது.

ஐம்பத்து நாலுக்குக் காத்திருந்தேன். வரவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நூற்றுப் பதினேழு வருஷம் கழித்து இல்ஸபைனுக்கு அடிக்கிறவன் அதிலும் ஒன்றைத் திருடுகிறானே! போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது.

"எண்ணுனியா?" என்றான். மூச்சு வாங்கியது.

"எண்ணுனேன். ஒண்ணு குறையுது."

"தெரியும். ராத்திரி பூரா ஏழாம் பக்கத்துல திருத்தச் சீட்டு ஒட்டிக்கிட்டிருந்தேன். நூத்திருபதுலயும். டார்லீனோட பசையெல்லாம் தீர்ந்துபோச்சு." இருமினான். "கயிறு இங்கதான் இருக்கு. கடைசி ஒண்ணு உன்னோடது. வர்றியா, இல்ல இன்னும் திட்டணுமா?"

"வந்து திட்டறேன்" என்று வைத்துவிட்டேன்.

அடுப்பை அணைத்தேன். ஏப்ரனோடுதான் போனேன்.