உன் பேர் போட்ட பிஸ்கட்

அன்பு மகன் ஜுல்பிகருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மதுரையில் உன் பெண்டாட்டி, பிள்ளைகள் சுகம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான் இறங்கவில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதி, உன் மகளை விட்டுப் படம் பிடித்துக் குவைத்துக்கு அனுப்பச் சொல்கிறேன்.

நோன்புப் பெருநாளுக்கு நெய் பிஸ்கட் மாவு பிசைந்து பீமாராவ் ரொட்டிக்கடை அடுப்புக்கு அனுப்புவது உனக்குத் தெரியாததா? பிள்ளைக்கு ஒரு தட்டு. அடுத்த வீட்டுத் தட்டோடு கலந்துவிடக் கூடாதென்று நடுவில் ஒரு பெரிய பிஸ்கட் தட்டி, ஈர்க்குச்சியால் அந்தப் பிள்ளையின் பேரைக் கீறுவேன். அஞ்சாம் வகுப்புதான் படித்தேன். ஆனால் என் எழுத்து அடுப்பில் வெந்தும் அழியாது. இந்த வருசமும் நாலு பிள்ளைகள் பேரையும் கீறினேன். வெந்து வந்தது மூன்று தட்டு.

உன் தங்கை நிலோபர் தட்டு எங்கே என்று கேட்டேன். உன் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டு, "அவுகதான் மாமி, அதுக்கு மட்டும் வேண்டாம்னு போன்ல சொன்னாக" என்றாள். தட்டு பரண்மேல் எறும்பு மொய்த்துக் கிடந்தது. அவளைத் திட்டவில்லை. நீ போட்ட உத்தரவுக்கு அவள் என்ன செய்வாள்?

புது மாவு பிசையலாமா என்று பீமாராவிடம் போனேன். "அடுப்ப அணைச்சாச்சு பெரியம்மா. இம்புட்டு நேரம் என்ன செஞ்சீக?" என்றார். என்ன சொல்வது? குவைத்தில் இருந்துகொண்டே என் மகன் அணைத்துவிட்டான் என்றா?

உன் தங்கை என்ன தப்புச் செய்தாள்? அடித்த புருசனை வேண்டாமென்று ஜமாத்தில் குலா கேட்டு, கல்யாணத்தை முறித்துக்கொண்டு வந்தாள். அந்த மாப்பிள்ளையைப் பார்த்து முடித்தது நீ. ஊரில் உன் முகம் கெட்டுவிட்டது என்கிறாய். அவள் முகம் வீங்கி வந்து நின்றதை நான் பார்த்தேன்.

உன்னைப் பெற்ற அத்தாவோடு சண்டை போட்டு ஒரு வருசம் நீ வீட்டுப் படி ஏறாமல் இருந்தாயே, அப்போதும் உன் தட்டு வெந்தது. அத்தா கூடாதென்றார். நான் கேட்டேனா? பரவையில் நீ தங்கின அறைக்கு டவுன் பஸ் ஏறி அதைக் கொண்டுவந்து கொடுத்தது யார்? மறந்து போச்சா?

அதனால் உன் தட்டை அப்படியே டின்னில் அடுக்கி, உன் தங்கை இருக்கிற கே.கே. நகருக்கு ஆட்டோ பிடித்தேன். கொடுத்துவிட்டு, உன்னை நாலு வார்த்தை ஏசிவிட்டு வரத்தான் போனேன். அவள் டின்னைத் திறந்தாள். மேலேயே உன் பேர் போட்ட பிஸ்கட். அதை முன்னாலேயே தனியாக எடுத்து வைக்க எனக்குப் புத்தி இல்லை.

"அண்ணன் பங்கையே எனக்குக் குடுக்கச் சொல்லுச்சாம்மா? கோபம் போயிருச்சா?" என்று கேட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். உன்னை ஏச வந்தவள், நோன்பு வாயோடு ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பெருநாள் தொழுகை முடிகிற நேரம் பார்த்து உனக்குப் போன் செய்வாளாம். அவள் நம்பரை நீ பிளாக் செய்தது அவளுக்குத் தெரியும். இப்போது அந்தப் பிளாக்கை எடுத்திருப்பாய் என்று நம்புகிறாள்.

மகனே, பொய் சொன்ன பாவம் என்னோடு இருக்கட்டும். நீ அந்த நம்பரைத் திறந்துவிடு. அவள் கூப்பிட்டால் எடு. நான்தான் கொடுக்கச் சொன்னேன் என்று சொல். அப்புறம் என்னோடு எம்புட்டு நாள் வேண்டுமானாலும் சண்டை போடு.

அல்லாஹ் உன் நோன்பை ஏற்றுக்கொண்டு, உன் மனசை இளக்கட்டும். பெருநாள் காலையில் நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா