ஜெசிந்தா அக்காவுக்கு வெள்ளிக்கிழமை டியூட்டி

ஜனவரி 10, வெள்ளி

குளிர். காலையிலிருந்தே தூசி. பால்கனியில் காயப்போட்ட யூனிஃபார்மை மறுபடி துவைக்க வேண்டும். ரியாவுக்கு இருமல். மீன் வாங்க மறந்துவிட்டேன்.

தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் த்ரோபால், செமி ஃபைனல். ஜெயித்தோம். ஜெயித்த மாதிரி இல்லை. ஜெசிந்தா அக்கா கைக்கு வந்த பந்தையெல்லாம் கீழே விட்டார். இரண்டு கையாலும் பிடித்து, நின்ற இடத்திலிருந்தே ஒரு கையால் எறிய வேண்டும், அதுவும் உடனே. அக்காவின் வலது தோள் காதுக்கு மேல் போக மாட்டேன் என்கிறது. நெஞ்சிலிருந்து தள்ளிவிடுகிறார். அந்தப் பந்து நெட்டைத் தாண்டுவதற்குள் எதிர் டீம் சாயா குடித்துவிட்டு வந்துவிடலாம்.

கடைசி செட்டில் அனிஷாவை இறக்கினேன். நவம்பரில் எங்கள் கிளினிக்குக்கு வந்த பிள்ளை, தூத்தூர்ப் பக்கம். காலேஜ் டீமில் ஆடியவளாம். ஒன்றுகூட விடவில்லை. ஃபைனலில் ஏழு பேரில் ஒரு இடம்தான் கேள்வி. அது அக்காவுக்கா, அனிஷாவுக்கா?

திரும்பும் வழியில் காரில்:

சேவியர் (என் வீட்டுக்காரர், ஊரில் வாலிபால் ஆடியவர், அதனால் எல்லா ஆட்டத்துக்கும் நீதிபதி): "புதுப் பிள்ளைய எறக்கு. ஆட்டம்னா ஆட்டம். பாவம் பாத்தா கப்பு அவனுகளுக்கு."

ரியா: "அம்மா, ஜஸ்ட் டெல் ஹெர். வாட்ஸ் த பிக் டீல்?"

டீமில் மற்றவர்கள், கிரவுண்டிலேயே: எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். முட்டி போனதிலிருந்து நான் மேனேஜர். தண்ணீர் தூக்குவது, ஜெர்சிக்கு ஆர்டர் கொடுப்பது, திட்டு வாங்குவது.

நான் குவைத்துக்கு வந்தபோது அக்கா வீட்டு ஹாலில்தான் ஒரு வருடம் படுத்திருந்தேன். இந்த டீமை ஆரம்பித்ததே அக்கா. ஆள் சேரவில்லை என்று நர்ஸ்களோடு பக்கத்துப் பிளாட் பெண்களையும் கையைப் பிடித்து இழுத்து வந்தவர். அவரிடம் போய் நான் எப்படி "டெல் ஹெர்"?

ஜனவரி 11, சனி

கடை: பச்சரிசி, வெல்லம், ரியாவுக்கு இருமல் மருந்து, கரும்பு (விலை கேட்டு வைத்துவிட்டேன்).

அனிஷா என்று முடிவு செய்துவிட்டேன். முடிவில் சந்தேகமே இல்லை. அக்காவுக்குப் போன் போட எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். காஸ் தீர்ந்தது ஞாபகம் வந்தது. நல்லவேளை என்று நினைத்தேன். என்ன ஒரு மனசு.

மதியம் அடுத்த வார டியூட்டி ரோஸ்டர் போட உட்கார்ந்தேன். வார்டுக்கு இன்சார்ஜ் நான்தானே. ஃபைனல் பதினேழாம் தேதி வெள்ளி, சாயங்காலம் நாலு மணி. அன்று மதிய டியூட்டிக்கு ஒரு சீனியர் வேண்டும். முறைப்படி இன்னொரு சீனியரான ஷீபாவுக்கு வர வேண்டியது. அக்கா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டேன்.

பாம்பும் சாகணும், கோலும் முறியக் கூடாது. டீமில் எடுக்கவில்லை என்று நான் சொல்ல வேண்டாம். அக்காவும் கேட்க வேண்டாம். டியூட்டி, அவ்வளவுதான். யார் குற்றமும் இல்லை.

போட்டு முடித்ததும் லேசாகத்தான் இருந்தது. ஒரு முழுத் தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

ரோஸ்டரை ஒட்டினேன். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அய்யோ, ஃபைனல் அண்ணைக்கா எனக்கு டியூட்டி?"

"ஆள் இல்லக்கா."

"நீ என்ன செய்வ, பாவம். ஒனக்கும் கஷ்டந்தான்."

எனக்கு ஆறுதல் சொல்கிறார். ஊரிலிருந்து வந்த நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம், ரியாவுக்கென்று கையில் திணித்தார். அதை லாக்கரிலேயே வைத்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவர மனசு வரவில்லை.

ஜனவரி 13, திங்கள்

சாயங்காலம் பிராக்டிஸ். அக்கா தோளில் தைலம் மணக்க முதல் ஆளாக வந்து நின்றார். "டியூட்டிய யார்ட்டயாவது மாத்திக்கிடலாம் ஸ்டெல்லா, நீ கவலப்படாத" என்றார். நான் கவலைப்படுகிறேனாம்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. பெயரை இழுத்து விடத் தெரிந்தது, ஸ்வாப் என்று ஒன்று இருப்பது மறந்துபோனது. மாதா மாதம் எத்தனை ஸ்வாப் பாரத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

விடியற்காலையில் மழைத் தூறல். கீழ்வீட்டு அம்மா பொங்கல் கொடுத்தனுப்பினார்கள். முந்திரி தாராளம்.

டீ நேரத்தில் அக்காவும் அனிஷாவும் சேர்ந்து வந்தார்கள். அனிஷா கையில் ஸ்வாப் பாரம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று. என் கையெழுத்து மட்டும் பாக்கி.

"சிஸ்டர், வெள்ளிக்கிழம அக்காக்க டியூட்டிய நான் எடுக்கேன். எனக்க காலை டியூட்டிய அக்கா பாத்துக்கிடுவாங்க."

"ஃபைனல்ல நீ ஆடாண்டாமா?"

"எனக்கு அடுத்த வருசம் இருக்கு சிஸ்டர். அக்கா ஆடட்டும்."

"பாத்தியா, எப்பிடிப்பட்ட பிள்ளன்னு" என்று அக்கா அவள் முதுகைத் தட்டினார்.

யாருக்காக அக்காவை ஒதுக்கினேனோ, அவளே வந்து இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறாள். பாரத்தில் நாலே வரி. அதை அவ்வளவு நேரம் படித்தவள் நானாகத்தான் இருப்பேன்.

"முடியாதுக்கா" என்றேன். "அனிஷா வந்து ரெண்டு மாசந்தான் ஆவுது. வெள்ளிக்கிழம மதியம் காய்ச்சல் கூட்டம் எப்பிடி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு டிரிப்ஸ் லைன் போடணும்னா நீங்கதான் வேணும். ஒங்கள விட்டா வார்டுக்கு வேற ஆளில்ல."

அத்தனையும் உண்மை. குழந்தையின் கையில் நரம்பு தேட அக்காவை மிஞ்ச எங்கள் கிளினிக்கில் ஆள் கிடையாது. டாக்டரே அக்காவைத்தான் கூப்பிடுவார். வார்டில் புதியவள் போதாது, சீனியர் வேண்டும். கிரவுண்டில் சீனியர் வேண்டாம், புதியவள் வேண்டும். இரண்டும் சரி. முதலாவதை வாயால் சொன்னேன். இரண்டாவதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஷீபாவைக் கேட்டால் ஒத்துக்கொள்வாள். அவளுக்கு வெள்ளிக்கிழமை வேலை ஒன்றும் இல்லை. அக்காவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அக்கா முகம் வாடும் என்று பார்த்தேன். வாடவில்லை. கொஞ்சம் மலர்ந்த மாதிரிகூட இருந்தது.

"அப்பிடின்னா சரி. வேல முக்கியம்லா" என்று பாரத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு அக்காவுக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள்.

ஜனவரி 15, புதன்

வாஷிங் மெஷின் ரிப்பேர். ஆள் வந்தார், "பார்ட் மாஃபி" என்றார் (இல்லையாம்), போனார். ரியாவுக்கு மேத்ஸ் டெஸ்ட்.

சேவியரிடம் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேனோ என்னமோ.

"புதுப் பிள்ளைய எறக்குன்னுதான் நான் சொன்னேன். அக்காவ வார்டுல கொண்டு பூட்டுன்னா சொன்னேன்?"

சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார். கோபம் என்றால்தான் தட்டு கழுவுவார்.

ஜனவரி 17, வெள்ளி

காலைப் பூசை (இங்கே வெள்ளிதான் விடுமுறை). கோயிலில் இடமில்லை, வெளியே நின்றோம். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று, டீமில் ஒரு மூத்தவரை எடுக்கவில்லை, மனசு உறுத்துகிறது என்று சொன்னேன். "விளையாட்டில் ஆள் மாத்துறது பாவமில்லம்மா" என்றார் ஃபாதர். பாதியைச் சொன்னால் பாதிக்குத்தானே மன்னிப்பு. ரோஸ்டரைப் பற்றி வாய் வரவில்லை. பின்னால் வரிசை நீளம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு எழுந்து வந்தேன்.

நாலு மணிக்கு ஃபைனல். ஃபஹாஹீல் பக்கத்து டீச்சர்கள் டீம். ஒவ்வொருவரும் உயரம். முதல் செட் போனது. அனிஷாவைப் பின்வரிசையில் நிறுத்தியிருந்தேன். ரியா ஃபோனில் வீடியோ எடுத்து டீம் குரூப்பில் போட்டாள்.

இடைவேளையில் அக்காவின் குரல் மெசேஜ். பின்னால் குழந்தைகள் அழும் சத்தம்.

"ஏட்டி பிள்ளைகளா, யாராவது ஸ்கோரு போடுங்க. எனக்கு நிக்க நேரமில்ல. ஸ்டெல்லா, அனிஷாவ நெட்டுப் பக்கத்துல கொண்டு நிறுத்து. அந்த உயரக்காரி எடது பக்கமேதான் எறியுகா, பாக்கல்லியா?"

நான் பார்க்கவில்லை. மாற்றி நிறுத்தினேன். உயரக்காரி எறிந்ததெல்லாம் அனிஷா கையில் போய் விழுந்தது. இரண்டாம் செட், மூன்றாம் செட், கப்பு.

எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நானும் குதித்தேன், முட்டியோடு. குதிக்கும்போதுதான் உறைத்தது. பெஞ்ச் என்று ஒன்று இருக்கிறது. என் பக்கத்தில் அக்காவுக்கு ஒரு இடம். ஏழு பேரில் இல்லை, என்கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள் என்றால் போதும். ஆடவைப்பது அல்லது அடைத்துவைப்பது, இந்த இரண்டைத் தவிர வேறொன்று என் புத்திக்கு எட்டவில்லை.

புத்திக்கு எட்டவில்லை என்பதும் பொய். அதற்கும் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

குரூப்பில் அக்கா: பத்துப் பதினைந்து பூங்கொத்து, கைதட்டல் பொம்மைகள். "எனக்க பிள்ளைகள்" என்று.

ஜனவரி 18, சனி

மருந்து அறையில் ஸ்டாக் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"ஷீபா சொல்லுகா, எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் டியூட்டி பாத்திருப்பேனேன்னு. வெள்ளிக்கிழம அவ சும்மாதான் இருப்பான்னு ஸ்டெல்லாக்குத் தெரியுமேன்னும் சொல்லுகா. ஒனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. சொல்லவில்லை. இந்த ஒரு வாரத்தில் செய்த ஒரே நல்ல காரியம்.

"தெரியும்க்கா."

"என்னைய எடுக்காண்டாம்னு நெனச்சியா?"

"ஆமாக்கா."

"அதச் சொல்லதுக்கு ஒனக்கு வாயில்லியா?" சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம். "எனக்க தோளு போச்சுன்னு எனக்குத் தெரியாதா? நீ சொல்லியிருந்தா ரெண்டு நாளு ஒன்கிட்ட பேசாம இருந்திருப்பேன். மூணாவது நாளு தண்ணிப் பாட்டில தூக்கிட்டு நானே கிரவுண்டுக்கு வந்திருப்பேன்."

நான் குளுக்கோஸ் பாட்டில்களை எண்ணுகிற மாதிரி நின்றேன்.

"அது போட்டும். ஆட்டந்தானே. செவ்வாக்கிழம நீ ஒண்ணு சொன்னியே, வார்டுக்கு நீங்கதான் வேணும், ஒங்கள விட்டா ஆளில்லன்னு. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? இத்தன வருசத்துல எனக்க மொகத்துக்கு நேர ஒரு ஆளு அப்பிடிச் சொன்னதில்ல. வீட்டுக்குப் போயி எனக்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேன். ஊருக்குப் போன் போட்டு எனக்க தங்கச்சிக்கிட்டயும் சொன்னேன். இப்ப அது நெசமா, என்னைய ஒதுக்கதுக்குச் சொன்னதான்னு எனக்குத் தெரியல்ல."

"நெசந்தான்க்கா. சத்தியமா நெசம்."

"நீ இப்ப அப்பிடித்தான் சொல்லுவ."

கதவைத் திறந்து போய்விட்டார். நடையில் யாரிடமோ சாதாரணமாகச் சிரித்துப் பேசுவது கேட்டது.

அனிஷாவைத் தேர்ந்தெடுத்ததில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. மறுபடி அந்த நாள் வந்தாலும் அவளைத்தான் இறக்குவேன். அக்காவை ஆட்டத்திலிருந்து எடுத்தது குற்றமில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக நல்ல உண்மையை எடுத்து, கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டேன். இனி அந்த உண்மை எதற்கும் உதவாது.

ஜனவரி 19, ஞாயிறு

ஆஃப். வீடு பெருக்கினேன். ரியா கப்பை டிவி மேல் வைத்தாள். எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். "வொய்?" என்றாள். தூசி என்றேன்.

ஜனவரி 20, திங்கள்

குளிர் கடுமை. வார்டு நிரம்பி வழிந்தது. ஒரு எகிப்துக்காரக் குழந்தை, ஒரு வயது இருக்கும், வயிற்றுப்போக்கில் துவண்டு வந்தது. கண் உள்ளே போய்விட்டது. அனிஷா குத்திப் பார்த்தாள், நரம்பு கிடைக்கவில்லை. நானும் இரண்டு கையிலும் முயன்றேன். டாக்டர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக்கொண்டு பின்னால் நின்றார். தாய் சுவரில் தலையை வைத்து அழுதாள்.

ஜெசிந்தா அக்காவைக் கூப்பிட்டோம். வந்தார். குழந்தையின் காலைத் தன் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கினார். விரலால் தடவினார். ஒரே தடவை. ரத்தம் வந்தது, சொட்டு இறங்க ஆரம்பித்தது. அந்தத் தாய் அக்காவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

கை கழுவும் இடத்தில் நானும் அக்காவும் மட்டும். இதைத்தான்க்கா நான் அன்றைக்குச் சொன்னேன், இதற்குத்தான் நீங்கள் வேண்டும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

அக்கா குழாயை மூடினார். என்னைப் பார்க்காமலே பேப்பரை இழுத்துக் கை துடைத்தார்.

"ஒண்ணும் சொல்லாத ஸ்டெல்லா."

சொல்லவில்லை.