வெறும் வயிற்றில் ஓடியவள்

ஆகஸ்ட் 2003, ஞாயிறு

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்பே சொன்னேன். அக்கா மகள் கவிதா கல்லூரி ஓட்டப்பந்தய அணியில் சேர்ந்ததும் எடை குறைய வேண்டுமென்று சோற்றை விட்டாள். ஞாயிறுதோறும் ஹாஸ்டலிலிருந்து ஆகுர்டியிலுள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதையும் விட்டாள். இரண்டு மாதமாக ஞாயிறு மதியம் பஸ் சத்தம் கேட்டால் நான் பால்கனிக்குப் போய்விடுகிறேன்.

இன்று போன் செய்தாள்.

"மாமா, கிரவுண்ட்ல தலை சுத்தி, சக்கர் வந்து விழுந்துட்டேன். இப்ப ஓகே. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"காலையில என்ன சாப்பிட்ட?"

"பிளாக் டீ."

"பெட்ரோல் இல்லாம ஸ்கூட்டரே ஓடாது, கண்ணு. மாவட்டத்துலயே முதல்ல ஓடி வந்தவன் சொல்றேன்."

"அது போன தடவை தாலுகாவா இருந்துச்சு, மாமா."

"சரி, என்னை விடு. எங்க ஃபேக்டரி டாக்டர்கிட்ட உன்னைப் பத்திக் கேட்டேன். ஓடுற பொண்ணு வாரத்துல ஒரு நாளாவது சொந்தக்காரங்க வீட்டுல பருப்பு சோறு சாப்பிட்டே ஆகணும்னார்."

"டாக்டரே சொன்னாரா? அப்ப அடுத்த ஞாயிறு வரேன். நெய் வேணாம்."

அப்போதிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

டாக்டரிடம் அவளைப் பற்றி நான் பேசவே இல்லை. சோற்றைப் பற்றி அவர் சொன்னது உண்மை. குறைக்கச் சொன்னார், என்னை.