பாயாத நாய்

அருவிச் சத்தம் கேட்டாலே கண்முன் வந்து நிற்கும் என் அத்தானுக்கு,

நீங்கள் கண்ணை மூடி இந்தச் சாரலோடு ஒரு வருடம். மேலகரத்தில் எல்லாரும் சுகம். என் இங்கிலீஷை மறுத்துப் பேச ஆளில்லாததுதான் குறை.

குற்றாலம் பங்களாவில் துரையின் வேட்டை நாயை நீங்கள் பார்த்துக்கொண்ட காலம் நினைவிருக்கிறதா? கன்றுக்குட்டி உயரம். செங்கோட்டை ரயிலில் முதல் வகுப்பில் வந்து இறங்கிய நாய். பாயிண்டர் என்றார் துரை. மூன்றாம் பாரம் வரை படித்த நான் விடுவேனா? பாய்வதால்தான் பாயிண்டர் என்று அங்கேயே அர்த்தம் சொன்னேன். ஊரே நம்பியது. நீங்கள் மட்டும் சிரித்தீர்கள்.

அன்று கவுதாரி வேட்டையில் நமக்குச் சோறு கொண்டுவந்த அக்காவின் கையை விட்டு, உங்கள் ஐந்து வயதுச் செல்லம்மா காணாமல் போனாள். சாரல் மறைத்த புதர்க்காடு. கூப்பிட்டுக் கூப்பிட்டு அக்காவுக்குக் குரலே போய்விட்டது. நீங்கள் நாயை அவிழ்த்து விட்டீர்கள். ஓடிய நாய் சட்டென்று நின்றது. ஒரு முன்னங்கால் மேலே, மூக்கு நேரே, வால் கம்பியாக. கோயில் சிலைகூட அப்படி நிற்காது.

"பாய்லே, பாய்லே" என்று நான் கத்தினேன்.

"சும்மா இருடே மாப்ள. அது பாயாது. காட்டுது."

அந்த மூக்கின் நேரே நடந்தீர்கள். உண்ணிப்புதருக்குள் செல்லம்மா. பாவாடை மடியில் ஒரு கவுதாரிக் குஞ்சு.

"சத்தம் போடாதீங்கப்பா, குஞ்சு பயப்படுது."

நீங்கள் பிள்ளையைத் தூக்கி வந்து தலையைத் தொடும்வரை நாய் அசையவில்லை. துரை தொப்பியைக் கழற்றினார். என்னைப் பார்த்துத்தான்.

தராசு முள்ளும் பாயிண்டர்தானாம், தென்காசி ஸ்டேஷனில் சொன்னார்கள். நாய்க்கும் முள்ளுக்கும் என்ன உறவு அத்தான்?

செல்லம்மா இப்போது டீச்சர். நேற்று அவள் வகுப்புக்குப் போனேன். சுவரில் உலகப் படம், கையில் நீளக் குச்சி.

"இதுக்குப் பேரு பாயிண்டர், மாமா."

எனக்கா தெரியாது என்று வாயெடுத்தேன். அதற்குள் குச்சி ஓரிடத்தில் நின்றது. அவளும் அசையாமல் நின்றாள். பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நானும்தான்.

கடையத்திலிருந்து பெண் கேட்டு வருகிறவர்கள் வேலையை விடச் சொல்கிறார்கள். அவள் முடியாது என்கிறாள். அக்கா என் முகத்தைப் பார்க்கிறாள். நாளை தாய்மாமனைத்தான் கேட்பார்கள்.

அவள் காட்டுகிற பக்கமே நிற்பேன், அத்தான். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வேண்டுமானாலும் நிற்பேன். பாயமாட்டேன்.

இங்கிலீஷ் தெரிந்த உங்கள் ஒரே மச்சினன்,
சங்கரபாண்டி