ஜெர்மன் கவிஞருக்கு ஒரு மாலை

மாசி, சனிக்கிழமை ராத்திரி.

நூலக வாசல் போர்டில் நான்தான் எழுதினேன்: 'இன்று ஜெர்மன் கவிஞருக்கு ஒரு மாலை. அனைவரும் வருக.' வந்தது ஐந்து பேர். வாசிக்க ஆரம்பிக்கிற நேரத்தில், உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலை அக்கா வேலையிலிருந்து நேராக வந்தார். காலில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. கையில் சாமந்தி மாலை.

"போட்டோ எங்க சார் வச்சிருக்கீங்க?"

சாயங்காலம் என்ற அர்த்தத்தில்தான் 'மாலை' என்று எழுதியிருந்தேன்.

"எப்ப சார் செத்தாரு?"

"நூறு வருஷம் இருக்கும்க்கா."

"ஐயோ, நமக்கு இப்பத்தான் சேதி வந்துதா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அதுதான் தூங்க விடமாட்டேன் என்கிறது. அக்கா மாலையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு நாலு கவிதை வாசித்தேன். நாலும் சாவைப் பற்றியவை. ஒருத்தர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டவர்களில் யார் முகமும் வாடவில்லை.

அந்த மனுஷன் செத்துப்போனாரே என்று வந்தது அக்கா ஒருத்தர்தான். போர்டில் இருந்தபடிதான் செய்தார்.

மாலை மேஜையிலேயே கிடக்கிறது. போடுவதற்கு அவர் படம் ஒன்றுகூட நான் வைக்கவில்லை.