வலது தோள்

அன்புள்ள கெய்லிக்கு,

இங்கே நான் நலம். உன் கடிதம் வந்தது. வழக்கம்போல இடது கையால் எழுதி மையைத் தீற்றி வைத்திருக்கிறாய். பதினெட்டு ஆகாததால் நீ படையில் சேர அம்மா கையெழுத்துப் போட வேண்டும். நான் சரியென்றால் போடுவதாகச் சொல்கிறாளாம். நைசாக என் தலையில் கட்டிவிட்டாள்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. டீதான் சாக்கடைத் தண்ணீர்.

எங்கள் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டிருந்தாய். குட்டையானது, புல்பப் என்பார்கள். தோட்டா வெடிக்கிற இடம் விசைக்குப் பின்னால், கன்னத்தை ஒட்டி இருக்கும். குழல் குறையாமல் துப்பாக்கி குறுகும்; கவச வண்டியில் ஏறி இறங்க வசதி. ஆனால் சத்தம் காதுக்குள்ளேயே இடிக்கும், புகை கண்ணில் ஏறும். குப்புறப் படுத்தால் அக்குளுக்கடியில் துழாவித்தான் தோட்டாப் பெட்டியை மாற்ற வேண்டும். விசைக்கும் வேட்டுக்கும் நடுவே நீளக் கம்பி ஓடுவதால், எப்போது வெடிக்கும் என்று விரலுக்குப் பிடிபடாது. இதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஒன்று: இதை வலது தோளில் வைத்துத்தான் சுட முடியும். சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வலப்பக்கம் தெறிக்கும். தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட்டின் கைப்பிடியும் அதே பக்கம் ஒவ்வொரு வேட்டுக்கும் பின்னால் பாயும். இடது தோளில் வைத்தால் அங்கே உன் முகம் இருக்கும்.

பக்கத்துக் கட்டில்காரன் ஹிண்டில் என்பவனும் உன்னைப் போல இடக்கைக்காரன். முதல் நாளே சார்ஜென்ட், “ஏ பீச்சாங்கை! சூப்பு குடிக்க அந்தக் கை, துப்பாக்கிக்கு இந்தக் கை, புரியுதா?” என்றார். “துடைக்க எந்தக் கைன்னும் சொல்லிடுங்க சார்ஜென்ட்” என்றான் இவன். அன்று முழுக்கத் தண்டால் எடுத்தான்.

செவ்வாயன்று பயிற்சிக்காகக் கட்டிய பொய்த் தெருவில் குண்டில்லாத வெற்றுவேட்டுச் சண்டை. அவனுக்குக் கிடைத்தது ஒரு சுவரின் இடது ஓரம். வலது தோளோடு அங்கே எட்டிப் பார்த்தால் பாதி உடம்பு வெளியே வந்துவிடும். எதிர்ப்பக்கத்தார் சுட்டதும் அவன் உடம்பு கற்றதை மறந்து, தனக்குத் தெரிந்ததைச் செய்தது. துப்பாக்கி இடது தோளுக்குப் போனது. ஒரே வேட்டு. மூன்று பல் போயிற்று, கன்னம் கிழிந்தது.

மருத்துவ வண்டி வரும்வரை சார்ஜென்ட் அவன் தலையை மடியில் வைத்திருந்தார். “மறைஞ்சுக்கத்தானடா பாத்தே மவனே, வேற என்ன பண்ணே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மேலே போன அறிக்கையில் ‘வீரரின் தவறு’ என்றுதான் இருக்கிறது. துப்பாக்கியின் தவறென்றால் யாராவது பெரிய மனிதர் பதில் சொல்ல வேண்டுமே.

கிடங்கில் பெட்டி தூக்கி முதுகு போகிறது என்று எழுதியிருந்தாய். பொய்யில்லை, நானும் அதிலிருந்து ஓடிவந்தவன்தான். ஆள்சேர்ப்பு வண்டி நம் தெருவில் நிற்பதும் அதனால்தான். பணக்காரப் பள்ளிக்கூடங்களிலும் எடுக்கிறார்கள், அதிகாரிகளாக. சுவர் ஓரத்தில் நிற்பது நம் ஊர் பர்ன்லிப் பையன்கள்.

அம்மாவிடம் சொல், என் பதில் இப்போது வேண்டாம் என்பதுதான். என்னைத் திட்டு, பரவாயில்லை. பதினெட்டு ஆனதும் நீயே முடிவு செய். அப்போதும் வருவதானால் மருத்துவப் பிரிவைக் கேள், செய்தி அனுப்புகிற சிக்னல் பிரிவைக் கேள். என் பிரிவுக்கு மட்டும் வராதே. சுவர் ஓரத்தில் எனக்குப் பின்னால் நீ நின்றால், நான் முன்னால் பார்க்க மாட்டேன், கெய்லி.

நன்றாக இரு.

உன் அண்ணன்,
கிரெய்க்