மூன்று மாதத்துக்கு ஒரு கையெழுத்து

திருநெல்வேலி டவுன்,
14.9.2025

அன்புள்ள அத்தானுக்கு,

சங்கரி எழுதுவது. இங்கே மாமாவும் நம் உலகம்மையும் நானும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் குரலை உயர்த்தியதும் உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்தில் அந்த வசதி கிடையாது. பதிலும் காகிதத்திலேயே வரட்டும், அதுவரை போனை எடுக்க மாட்டேன்.

பத்து நாளைக்கு முன்னால் உலகம்மைக்கு நிச்சயம் நடந்தது. தட்டு மாற்றும் நேரத்தில் பட்டர், "பொண்ணோட தகப்பனார், தாயார் வந்து உக்காருங்கோ" என்றார். சபையில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் உங்கள் தம்பியும் அவர் மனைவியும் உட்கார்ந்து தட்டை வாங்கினார்கள். ஜோடியாகத்தான் உட்கார வேண்டுமாம். பெற்றவள் நான் தூணோரமாக நின்றேன், கழுத்தில் தாலியும் நெற்றியில் குங்குமமுமாக. புருஷன் உயிரோடு இருக்கும்போதே எனக்கு அந்த இடம் கிடைத்துவிட்டது.

அதோடு முடியவில்லை. மாப்பிள்ளை செந்தில்முருகன் தங்கமான பையன். ஆனால் அவருக்குச் சித்தப்பா ஒருவர் இருக்கிறார், பாபநாசம் என்று பெயர், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணின் அப்பா ஏன் வரவில்லை என்று மாமாவிடம் கேட்டிருக்கிறார். மாமா நீங்கள் எங்களுக்குச் சொல்லித் தந்ததை அப்படியே ஒப்பித்தார்: "அவன் அங்கன மூணு மாசத்துக்கு ஒருக்க போலீஸ் ஆபீஸ்ல போய் இருக்குத இடத்தைச் சொல்லிக் கையெழுத்துப் போடணும். அதை விட்டுட்டு வர முடியாது."

மறுநாள் காலையில் அந்த மனிதர் வீட்டுக்கே வந்து மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, ஜாமீன்ல இருக்குத ஆளுதானே இப்படிக் கையெழுத்துப் போடுவான்? சம்பந்தி மேல என்ன கேசு? மறைக்காமச் சொல்லும்வே."

எண்பத்தொரு வயதில், பெற்ற மகனைப் பற்றி மாமா இதைக் கேட்க வேண்டியிருந்தது. கொலையா கஞ்சாவா என்று விசாரித்து முடிக்கும்வரை கல்யாண மண்டபத்தை உறுதி செய்ய வேண்டாம் என்று அவர்கள் வீட்டில் பேச்சு. உலகம்மை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தக் கையெழுத்து என்ன எழவு என்று விவரமாக எழுதுங்கள். கல்யாணம் தை மாதம். அதற்காவது வருவீர்களா என்றும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்கரி


சியாங் மாய்,
2.10.2025

அன்புள்ள சங்கரிக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ தூணோரம் நின்றதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பாபநாசத்தின் மேல் வருகிற ஆத்திரம் அதைவிடப் பெரிது. பதின்மூன்று வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியாரைப் பார்த்து என்ன கேஸ் என்று கேட்பாரா?

விஷயம் இதுதான், அவரிடம் படித்துக் காட்டு. இந்த நாட்டில் நெடுநாள் தங்கும் வெளிநாட்டுக்காரன் எவனானாலும் தொண்ணூறு நாளைக்கு ஒரு முறை குடிவரவு அலுவலகத்தில் தன் விலாசத்தைத் தெரிவிக்க வேண்டும். வெள்ளைக்காரனுக்கும் அதே சட்டம்தான். அடுத்த தேதி போட்ட சின்னச் சீட்டு ஒன்றைப் பாஸ்போர்ட்டில் பின் அடித்துத் தருவார்கள். கம்ப்யூட்டரிலும் அனுப்பலாம் என்கிறார்கள். நான் அனுப்புகிற நாளில் அது வேலை செய்ததே இல்லை.

எனக்கும் இதில் கொதிப்பு இல்லையா? பதின்மூன்று வருஷமாக ஒரே தெரு, ஒரே மாடி. அந்த அலுவலக மேசையில் இருக்கும் நொய் அம்மாளின் மகள் என்னிடம் டியூஷன் படிக்கிறாள். சாயங்காலம் மகளைக் கூட்டிப் போக என் வாசலில் வண்டியை நிறுத்துகிறவள் இந்த அம்மாள். அவளே காலையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "எங்கே வசிக்கிறீர்கள்?" என்று கேட்கிறாள். நானும் விலாசத்தை ஒப்பிக்கிறேன். வீட்டுக்காரருக்கும் தொல்லை உண்டு. வெளிநாட்டுக்காரன் ஒருவன் ஒரு ராத்திரி தங்க வந்தால்கூட, இருபத்து நாலு மணி நேரத்துக்குள் வீட்டுக்குச் சொந்தக்காரர் அறிவித்தாக வேண்டும். போன வருஷம் சென்னை நண்பர் ஒருவர் வந்தபோது எங்கள் வீட்டுக்கார அம்மாள் என்னைத் திட்டிக்கொண்டேதான் அந்த வேலையைச் செய்தாள். இத்தனை வருஷம் ஆகியும் நான் இவர்களுக்கு அந்நியன்தான்.

இந்த மாதம் பள்ளிக்கூடம் லீவு. டியூஷன் பிள்ளைகள் வருகிறார்கள். அடுத்த கையெழுத்து டிசம்பர் கடைசியில் விழுகிறது. இப்படிக் கட்டுண்டு கிடக்கிறவன் தை மாதத்துக்கு இப்போதே என்ன வாக்குக் கொடுப்பது? பார்க்கலாம்.

உலகம்மையை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

அன்புடன்,
குமரகுருபரன்


திருநெல்வேலி டவுன்,
26.10.2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் பாபநாசம் அண்ணாச்சிக்கு நானே படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, குற்றவாளி தன் வாயால் சொல்வது சாட்சி ஆகாது என்று சொல்லிவிட்டார். அத்தனை வருஷக் கோர்ட்டுப் பழக்கம். சரி, சாட்சியே கொண்டு வருகிறேன் என்று ஜுபைதா பீவியை வீட்டுக்கு அழைத்து வந்தேன். காயல்பட்டினத்துக்காரி, எங்கள் பள்ளியில் அறிவியல் எடுக்கிறாள். அவள் கணவரும் நீங்கள் இருக்கும் நாட்டில்தான், பாங்காக்கில் ரத்தினக் கல் வியாபாரம் செய்கிறார்.

உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் அவளைக் கூப்பிட்டேன், அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நன்றாகவே சொன்னாள். "அது சும்மா விலாசம் சொல்லுததுதான் அண்ணாச்சி. களவாணிக்கு உள்ள கையெழுத்து இல்ல" என்றாள். அண்ணாச்சிக்கு முகம் தெளிந்தது. ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அத்தோடு விடாமல் அண்ணாச்சி, குறுக்கு விசாரணைப் பழக்கத்தில் அவளிடம் இன்னொன்றும் கேட்டுவைத்தார். அப்படியானால் உன் வீட்டுக்காரரும் ஊர்ப்பக்கம் வர முடியாதோ என்று.

ஜுபைதா சிரித்துவிட்டாள். "யாரு சொன்னா? நாட்ட விட்டு வெளிய போயிட்டு வந்தா அந்தத் தொண்ணூறு நாளையும் முதல்ல இருந்துல்லா எண்ணுவான். அந்த வரிசையில நிக்கதுக்குச் சோம்பல்பட்டே எங்க வீட்ல கணக்கு முடியதுக்கு முன்னால ஊருக்கு வந்திருவாஹ."

அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். மாமா எழுந்து உள்ளே போய்விட்டார். ஜுபைதாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே புரியவில்லை, பாவம். உங்களை ஜாமீன் ஆசாமி என்று சந்தேகப்பட்டபோதுகூட எனக்கு இவ்வளவு அவமானமாக இல்லை.

மாமாவின் கண் ஆபரேஷனுக்கு வரச் சொன்னபோது தேதி இடிக்கிறது என்றீர்கள். உலகம்மை பட்டம் வாங்கினபோதும் தேதி. அத்தை காரியம் முடிந்து நீங்கள் கிளம்பிப் போன பிறகு மூன்று தீபாவளி போய்விட்டது, மூன்றுக்கும் தேதி. நான் அதை அப்படியே நம்பினேன், நம்பாதவர்களிடம் சண்டையும் போட்டேன். காந்திமதியம்மன் சந்நிதியில் நின்று, அந்த நாட்டுக்காரர்களுக்கு நல்ல புத்தியைக் கொடுத்து இந்தச் சட்டத்தை எடுத்துவிடு தாயே என்று வேண்டியிருக்கிறேன். எந்தச் சட்டத்தைச் சாக்காகச் சொல்லி நீங்கள் வராமல் இருந்தீர்களோ, அதே சட்டத்துக்காக இன்னொருத்தி புருஷன் வருஷத்துக்கு நாலு தடவை வீட்டுக்கு வருகிறான்.

திரும்பி உள்ளே வர மறுநுழைவு அனுமதி வேண்டும் என்று ஏதாவது ஆரம்பிக்காதீர்கள். அதை விமான நிலையத்திலேயே வாங்கலாம் என்பதையும் கேட்டுக்கொண்டேன்.

அக்டோபர் முழுக்க லீவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வர மனம் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்திருப்பேன்.

கல்யாணம் தை இருபத்தைந்து. பாபநாசம் அண்ணாச்சியே முன்னால் நின்று மண்டபத்தை உறுதி செய்துவிட்டார். வருவேன் அல்லது வரமாட்டேன் என்று எழுதுங்கள். பார்க்கலாம் என்று எழுதாதீர்கள்.

சங்கரி


சியாங் மாய்,
18.11.2025

அன்புள்ள சங்கரிக்கு,

யாரோ ஒரு கல் வியாபாரியின் மனைவியைக் கூட்டி வந்து சம்பந்தி முன்னால் என்னைப் பொய்யனாக்கிவிட்டாய். சட்டம் உண்மை. வரிசையில் நிற்பது உண்மை. அந்தத் தேதி பயமும் உண்மை. இதில் எதை நான் இட்டுக்கட்டினேன்?

நீ கேட்டதால் நானும் கேட்கிறேன். அம்மா காரியத்துக்கு வந்தபோது எனக்கு என்ன மரியாதை நடந்தது? மாடி அறையை ஒழித்துப் புது விரிப்பு விரித்துக் கொடுத்தாய். என் சட்டைகளை வைக்க அலமாரியில் ஒரு தட்டு இல்லை. இங்கே திரும்புகிறவரை பெட்டியிலிருந்தே எடுத்துப் போட்டேன். பரிமாறும்போது உப்பு போதுமா என்று விருந்தாளியைக் கேட்கிற மாதிரி கேட்டாய். உலகம்மை என் முன்னால் செல்போனில் சத்தம் குறைத்துப் பேசினாள். வந்து இறங்கிக் காலைக் கழுவுவதற்குள் அப்பா, "எப்பலே கிளம்புத?" என்றார். பெற்ற தகப்பன் கேட்கிற கேள்வியா அது? இங்கே எனக்கு விலாசம் கேட்கவாவது ஆள் இருக்கிறது. அங்கே எனக்கு என்ன இடம் இருக்கிறது, நீயே சொல்.

பிப்ரவரியில் இங்கே தேர்வு நேரம். லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன், இன்னும் கொடுக்கவில்லை. கோபம் தணிந்ததும் போனை எடு. பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
குமரகுருபரன்


திருநெல்வேலி டவுன்,
11.12.2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "எப்பலே கிளம்புத" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அவன் எத்தனை நாளு நமக்குக் கிடைப்பான்னு தெரிஞ்சுக்கிடத்தாம்மா கேட்டேன்."

அலமாரியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் தட்டை நீங்கள் போன பிறகும் பல வருஷம் காலியாகத்தான் வைத்திருந்தேன். பாச்சா உருண்டை போட்டு, மாற்றி, மறுபடி போட்டு. அப்புறம் ஒரு நாள் உலகம்மையின் கல்லூரிப் புத்தகங்களை அதில் அடுக்கினேன். அதைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உப்பு போதுமா என்று கேட்டேன்தான். உங்களுக்கு இப்போது எவ்வளவு உப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்?

போன வாரம் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க நம் தெருவுக்கு அன்னத்தாய் வந்தாள். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். வீட்டில் நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு படிவம் வைத்திருந்தாள். உங்களுடையது மட்டும் பாக்கி. தெரிந்தவள் என்பதால் அவளே வழியும் சொன்னாள். "அண்ணாச்சி வெளியூர்லதான இருக்காவ. வீட்ல ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும்க்கா. இங்கனதான் குடியிருக்காவன்னு எழுதிக்கிடுதேன்" என்றாள்.

இதற்கு முன்னால் பட்டியல் பார்க்க வந்தவர்கள் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இங்கேதான் இருக்கிறார், வேலையாகப் போயிருக்கிறார், வந்துவிடுவார். மாமா என்னைப் பார்த்தார்.

"அவுக இங்கன குடியிருக்கல, அன்னத்தாய். சியாங் மாய்ல இருக்காவ" என்று சொன்னேன். அவள் தயங்கினாள், பேரை எடுத்துவிடுவார்களே என்றாள். எடுக்கட்டும் என்றேன்.

இதற்கு நீங்கள் கோபப்பட நியாயம் இல்லை. எங்கே குடியிருக்கிறீர்கள் என்று அந்த நொய் அம்மாளிடம் நீங்கள் பதின்மூன்று வருஷமாக உண்மையைத்தான் சொல்லி வருகிறீர்கள், ஒரு தவணை தவறாமல். நான் பொய் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய் இப்போதுதான் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன்.

கல்யாணத்தில் நான் தூணோரம் நிற்கப் போவதில்லை. பட்டரிடம் நேராகப் போய், என் மகளை நான்தான் உட்கார்ந்து தாரை வார்ப்பேன் என்றேன். சாஸ்திரம் இடம் கொடுக்காது என்று இழுத்தார். அப்போது என் பக்கம் பேசியது யார் தெரியுமா? உங்களை ஜாமீனில் விட்ட அதே பாபநாசம் அண்ணாச்சி. "பெத்தவ உக்காராம வேற எவ சாமி உக்காருவா?" என்று கேட்டார். பட்டர் கடைசியில் மாமாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி ஒத்துக்கொண்டார்.

பத்திரிகையை இதோடு வைத்திருக்கிறேன். பெண்ணின் தகப்பனார் என்று உங்கள் பெயர் அச்சாகியிருக்கிறது. அதை எடுக்க உலகம்மை விடவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மண்டபத்துக்குப் பக்கத்து லாட்ஜில் அறை போடுகிறோம். உங்களுக்கும் வேண்டுமென்றால் பொங்கலுக்குள் சொல்லுங்கள்.

இல்லை, வீட்டுக்குத்தான் வருவேன் என்றால் வாருங்கள். உலகம்மையின் புத்தகங்கள் அவளோடு போய்விடும், அந்தத் தட்டு காலியாகும். ஆனால் உங்கள் நாட்டுச் சட்டத்தை நானும் கற்றுக்கொண்டேன். நீங்கள் வந்து இறங்கிய இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அன்னத்தாயிடம் போய்ச் சொல்லியாக வேண்டும். வெளியூர் விருந்தாளி ஒருவர் தங்க வந்திருக்கிறார் என்று சொல்வதா, எங்கள் வீட்டுக்காரர் வந்துவிட்டார், பேரைச் சேர்த்துக்கொள் என்று சொல்வதா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

சங்கரி